குடும்பப் பெயரின் எழுத்துகளை வைத்துப் பூர்வீகம் தேடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரியூனியன், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, குவாதலூப், மார்த்தினிக், ஃபிஜி என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்று தங்கள் ஊரைத் தேடுகிறார்கள். பலர் கையில் இருப்பது ஒரே ஒரு குடும்பப் பெயர், அதுவும் ரோமன் எழுத்தில். அவர்களும், அவர்களுக்காக இங்கே விசாரித்துத் தருகிற உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

ரோமன் எழுத்துகளை அவற்றின் பெயராலேயே குறித்திருக்கிறோம். 'ஓ-ஓ' என்றால் ஓ என்ற ரோமன் எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை. 'ஓ-யூ' என்றால் ஓ, அதை அடுத்து யூ.

"பேர்ல இருக்கிற எழுத்தை எண்ணினா பூர்வீகம் தெரியும்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன?"

ஒவ்வொரு மொழிக்கும் பிடித்தமான எழுத்துச் சேர்க்கைகள் உண்டு. போலந்துப் பெயர்களில் எஸ்-இசட், சி-இசட் என்ற ஜோடிகள் நிறைய வரும். ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களின் பெயர்களில் டி-எக்ஸ், ஆர்-ஆர் வரும். ஆர்மீனியப் பெயர்கள் பெரும்பாலும் 'யான்' என்று முடியும். ஒரு பெயரை எழுத்து ஜோடிகளாகப் பிரித்து, அந்த ஜோடிகள் எந்த நாட்டுப் பெயர்ப் பட்டியலில் அதிகம் வருகின்றன என்று ஒப்பிடுவதுதான் இந்த முறை.

போலந்துக்காரர் தம் பெயரைத் தம் மொழியில் தாமே எழுதிக்கொண்டவர். அதனால் அங்கே எழுத்து நேராகப் பூர்வீகத்துக்குக் கொண்டுபோகும். கப்பலேறிய தமிழரின் பெயரையோ ஆங்கிலேயக் குமாஸ்தாவோ பிரெஞ்சுக் குமாஸ்தாவோ காதால் கேட்டுத் தன் மொழி வழக்கப்படி எழுதினார். ஆகவே நம் விஷயத்தில் எழுத்துகள் முதலில் காட்டுவது எழுதியவரைத்தான். எழுதியவர் எந்த மொழிக்காரர், எந்தக் காலத்தவர் என்று தெரிந்தால், எந்த நாட்டு ஆவணத்தில் எந்த ஆண்டுகளைப் புரட்டுவது என்பது சட்டென்று சுருங்கிவிடும். ஊர்ப் பெயரை எழுத்து தராது; ஊர்ப் பெயர் இருக்கும் ஏட்டுக்கு வழி காட்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளைப் படியுங்கள்.

"தமிழருக்குத்தான் சர்நேமே கிடையாதே, இனிஷியல்தானே? அங்க மட்டும் எப்படி வந்துச்சு?"

போனவருக்கு ஒற்றைப் பெயர்தான் இருந்தது: முத்துசாமி, வீரப்பன், மீனாட்சி. அந்த நாடுகளின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளோ குடும்பப் பெயர் ஒன்றைக் கேட்டன. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் போனவரின் ஒற்றைப் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக நிலைத்தது. நேட்டாலில், அதாவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில், அப்பாவின் பெயர் நிலைத்தது, சிலருக்குத் தாத்தாவின் பெயர், சிலருக்குப் பட்டம்.

மலேசியாவில் அப்படி நிலைக்கவில்லை. இன்றும் அங்கே தமிழர் பெயருக்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர்தான். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் மலேசியத் தமிழர் பெயர்களுக்கு இந்த முறை அதிகம் பயன்படாது.

"ஓ-ஓ இருந்தா பிரிட்டிஷ்காரன் எழுதினது, ஓ-யூ இருந்தா பிரெஞ்சுக்காரன் எழுதினதுன்னு சொல்றது உண்மையா?"

பெரும்பாலும் உண்மை. தமிழ் உகர ஒலிக்கு ஆங்கிலேயர் அன்று இயல்பாக எழுதியது ஓ-ஓ. பிரெஞ்சில் யூ என்ற எழுத்தைத் தனியாகப் போட்டால் ஒலி வேறாகிவிடும் என்பதால் அவர்கள் ஓ-யூ என்று எழுதியே ஆகவேண்டும். ஆறுமுகம் என்ற ஒரே பெயரைப் பாருங்கள். மொரீஷியஸில் ஏ-ஆர்-எம்-ஓ-ஓ-ஜி-யூ-எம். புதுச்சேரி, காரைக்கால் பக்கம் ஏ-ஆர்-ஓ-யூ-எம்-ஓ-யூ-ஜி-ஏ-எம். மலேசியாவிலும் இன்றைய தமிழ்நாட்டிலும் ஏ-ஆர்-யூ-எம்-யூ-ஜி-ஏ-எம்.

அதேபோல ஈகார ஒலிக்கு ஆங்கிலேயர் ஈ-ஈ போட்டார்கள், பிரெஞ்சுக்காரர் ஐ போட்டார்கள். டபிள்யூ, கே இரண்டும் பிரெஞ்சு எழுத்துமுறையில் அரிது. கருப்பன் அங்கே சி-யில்தான் தொடங்கும். ஆனால் கே இல்லை என்பதாலேயே பிரெஞ்சு என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய ஆங்கிலக் குமாஸ்தாக்களும் குப்புசாமி, குமாரசாமி போன்ற பெயர்களை சி-யில் தொடங்கியிருக்கிறார்கள். சி-யை அடுத்து ஓ-ஓ வந்தால் ஆங்கிலேயர், ஓ-யூ வந்தால் பிரெஞ்சுக்காரர் என்று ஜோடியாகத்தான் பார்க்கவேண்டும்.

"தென்னாப்பிரிக்காவுல நாயுடுவுக்கு கடைசியில ஓ-ஓ. ஃபிஜியில வெறும் யூ. ரெண்டும் பிரிட்டிஷ்காரன் நாடுதானே?"

இங்கே வித்தியாசம் காலத்தில். சென்னையிலிருந்து 'டிரூரோ' கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16. அந்தக் காலத்தில் ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் காதுக்குப் பட்டபடி எழுதினார். 1870-களில் இந்திய அரசு, ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியப் பெயர்களை ரோமனில் எழுத வகுத்த எழுத்துமுறையை ஏற்றது. அதில் உகரத்துக்கு யூ, இகரத்துக்கு ஐ. ஊர்ப் பெயர்களுக்காக வந்த முறைதான். மெல்ல மெல்ல ஆட்பெயர்களுக்கும் பரவியது. ஃபிஜிக்கு முதல் கப்பல் 1879-இல் கல்கத்தாவிலிருந்து போனாலும், சென்னையிலிருந்து ஆட்கள் போனது 1903 முதல்தான். அதற்குள் எழுத்துப் பழக்கம் மாறியிருந்தது.

ஆகவே ஓ-ஓ, ஈ-ஈ நிறைய இருந்தால் முந்தைய ஏடுகளை முதலில் பாருங்கள். ஆனால் பின்னாளில் பலர் பெயரை நவீனமாகத் திருத்திக்கொண்டதும் உண்டு. பழைய எழுத்து, காலத்தைச் சொல்லும். புதிய எழுத்து எதையும் உறுதியாகச் சொல்லாது.

"எங்க பேர்ல ரெண்டு எஸ் இருக்கு. தாத்தா காலத்துல யாரோ தப்பா எழுதிட்டாங்களா?"

தப்பில்லை. இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் அதை 'ஸ' என்று படிக்கமாட்டார்கள், இசட் ஒலியாகப் படிப்பார்கள். ராமசாமி 'ராமஜாமி' போல ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் இரண்டு எஸ். வீரசாமி என்ற பெயர் நேட்டாலில் வி-ஈ-ஈ என்று தொடங்கி ஒற்றை எஸ்ஸோடு இருக்கும். மார்த்தினிக்கில் வி-ஐ என்று தொடங்கி எஸ்-எஸ்ஸோடு இருக்கும். இந்த ஒரு பெயரிலேயே இரண்டு தடயம்.

டி-சி-ஹெச் என்று மூன்றெழுத்து சேர்ந்து வந்தாலும் பிரெஞ்சுக் கைதான்: மீனாட்சி, லட்சுமணன் போன்ற பெயர்களில் ரியூனியனில் இதைக் காணலாம். பாஸ்க் நாட்டிலும் இதே கதை. ஒரே பாஸ்க் பெயர் ஸ்பெயின் பக்கம் சி-ஹெச் என்றும், பிரான்ஸ் பக்கம் டி-சி-ஹெச் என்றும், பாஸ்க்காரர் தாமே எழுதும்போது டி-எக்ஸ் என்றும் வரும்.

"வீரப்பன் எப்படி 'விராப்பின்' ஆனார்? 'இன்'னு முடியுற தமிழ்ப் பேரே இல்லையே?"

பேச்சுத் தமிழை உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'அவன் வந்தான்' என்று யாரும் கடைசி 'ன்' ஒலியை அழுத்திச் சொல்வதில்லை. 'அவெ' என்று மூக்கொலியோடு நிறுத்துவோம். பிரெஞ்சில் ஐ-என் என்று முடிந்தால் கிட்டத்தட்ட அதே மூக்கொலி. கப்பலடியில் நின்றவர் 'வீரப்பெ' என்று மூக்கால் சொன்னதைக் குமாஸ்தா மிகச் சரியாகவே எழுதியிருக்கிறார். நாராயணன், லட்சுமணன் எல்லாம் ரியூனியனில் 'இன்' என்று முடிவது இதனால்தான். ஆங்கிலேயர் அதே ஒலியை ஈ-என் என்று எழுதினார்கள். நேட்டாலில் கவுண்டன் என்ற பெயர் ஏ-என் என்று முடியாமல் ஈ-என் என்று முடிவதைக் கவனியுங்கள்.

'அம்' என்று முடியும் பெயர்களிலும் இப்படித்தான். பேச்சில் மரம் 'மரோ' என்று மூக்கொலியாகிறதல்லவா? வைத்திலிங்கம் பிரெஞ்சு ஏடுகளில் ஓ-எம் என்று முடிகிறது. 'பிள்ளை' இன்னும் சுவாரசியம். புதுச்சேரிப் பிரெஞ்சில் அது பி-ஓ-யூ-எல்-எல்-ஈ. எழுதியவர் கேட்டது பேச்சு வழக்கின் 'புள்ளெ'. அதனால்தான் இகரம் இருக்கவேண்டிய இடத்தில் உகரத்துக்கான ஓ-யூ உட்கார்ந்திருக்கிறது.

"பழனியாண்டி எங்க பக்கத்துல 'பஜானியாண்டி'ன்னு எழுதியிருக்கு. ஜே வந்தா வடக்கத்திப் பேர்தானே?"

இல்லை. பிரெஞ்சில் ஜே-யின் ஒலி நம் ஜகரம் போன்றதல்ல, நாக்கு உரசி வரும் மென்மையான ஒலி. ழகரத்துக்குப் பக்கத்தில் வருவது அதுதான் என்று பிரெஞ்சுக்காரர் நினைத்தார்கள். புதுச்சேரி, காரைக்கால், ரியூனியன் மூன்றிலும் ழகரத்துக்கு ஜே எழுதும் வழக்கம் உண்டு. மலேசியாவில் அதே பெயர் எல் எழுத்தோடு வரும். இன்றைய தமிழ்நாட்டில் இசட்-ஹெச். ழகரம் இருக்கவேண்டிய இடத்தில் ஜே வந்தால் அது மிக வலுவான பிரெஞ்சுத் தடயம். எங்களைக் கேட்டால், ஓ-யூவைவிட இதற்கே அதிக மதிப்பெண் தருவோம். ஆங்கில ஏடுகளில் இந்தப் பழக்கம் இல்லை.

"சரி, நானே எண்ணிப் பார்க்கணும். எங்க ஆரம்பிக்கிறது?"

முதலில் ஒப்பிட இரண்டு பட்டியல் வேண்டும்: ஒன்று பிரெஞ்சு ஆட்சி இடங்களின் தமிழ்வழிக் குடும்பப் பெயர்கள், இன்னொன்று ஆங்கில ஆட்சி இடங்களுடையவை. ஒவ்வொன்றிலும் குறைந்தது 300 வெவ்வேறு பெயர்கள். தொலைபேசிப் புத்தகம், அரசிதழ், பழைய பதிவேடு எதிலிருந்தும் எடுக்கலாம். குடும்பப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளின் மற்ற விவரங்களை விட்டுவிடுங்கள். ஒரு பெயரை ஒரு முறைதான் சேர்க்கவேண்டும். ஆயிரம் பேருக்கு ஒரே பெயர் இருக்கிறது என்று ஆயிரம் முறை சேர்த்தால் அந்த ஒரு பெயரின் எழுத்துகளே கணக்கை விழுங்கிவிடும்.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, பிரெஞ்சு மேற்குறிகளையும் இடைக்கோடுகளையும் நீக்குங்கள். பெயரின் முன்னும் பின்னும் # போடுங்கள். தொடக்கமும் முடிவும் முக்கியத் தடயங்கள் என்பதை மேலே பார்த்தோம். பிறகு ஜோடி ஜோடியாக வெட்டுங்கள். ஒன்பது எழுத்துப் பெயருக்கு பத்து ஜோடி வரும். கூகுள் ஷீட்ஸில் 'மிட்' ஃபார்முலா இதைச் செய்யும். 26 எழுத்தும் # குறியும் சேர்ந்து 27; ஆகவே இருக்கக்கூடிய ஜோடிகள் 27 × 27 = 729. ஒவ்வொரு ஜோடியின் எண்ணிக்கையோடும் 1 கூட்டி, மொத்த ஜோடிகளோடு 729 கூட்டி வகுக்கவேண்டும். அந்த 1-ஐக் கூட்டாவிட்டால், பட்டியலில் தற்செயலாக வராமல்போன ஒரு ஜோடி பூஜ்யமாகி முழுக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

கணக்கு புரிவதற்காகக் கற்பனை எண்களில் ஓர் உதாரணம்: இரண்டு பட்டியலிலும் மொத்தம் 3,000 ஜோடிகள், எஸ்-எஸ் பிரெஞ்சுப் பட்டியலில் 40 முறை, ஆங்கிலப் பட்டியலில் 4 முறை. 41-ஐயும் 5-ஐயும் 3,729-ஆல் வகுத்து, பிரெஞ்சு விடையை ஆங்கில விடையால் வகுத்தால் விகிதம் 8.2. அதன் மடக்கை (10-ஐ அடிமானமாகக் கொண்ட லாக்) 0.91. இப்படி உங்கள் பெயரின் எல்லா ஜோடிகளுக்கும் மடக்கை எடுத்துக் கூட்டுங்கள். கூட்டல் நேர் எண்ணாக வந்தால் பிரெஞ்சுப் பக்கம், எதிர் எண்ணாக வந்தால் ஆங்கிலப் பக்கம். பூஜ்யத்துக்கு அருகில் நின்றால் முடிவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். முறை சரியா என்று பார்க்க, தொடக்கத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு பெயர்களை எண்ணாமல் ஒதுக்கிவைத்து, கடைசியில் அவற்றைப் போட்டுச் சோதியுங்கள்.

"எண்ணிப் பார்த்தேன், எல்லாப் பட்டியல்லயும் 'ஏ'தான் முதல்ல வருது. என்ன தப்பு பண்ணேன்?"

தனி எழுத்தாக எண்ணியிருப்பீர்கள். தமிழ்ப் பெயரை யார் ரோமனில் எழுதினாலும் அகரம் நிறைந்திருக்கும், ஏ முதலில்தான் நிற்கும். வித்தியாசம் ஜோடியில்தான் தெரியும். ஓ என்ற எழுத்து இரண்டு பட்டியலிலும் உண்டு. அதற்கு அடுத்து நிற்பது ஓ-வா யூ-வா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கும். 'சாமி' என்று முடியும் பெயர்கள் ஏராளம். பிரெஞ்சுப் பட்டியலில் எஸ்-எஸ் குவிவது இந்த ஒரே உறுப்பால். 'பிள்ளை', 'சாமி', 'அப்பன்', 'அம்மா' போன்ற அடிக்கடி வரும் உறுப்புகளைத் தனியே வெட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை மட்டும் மதிப்புக் கொடுத்து, மிச்சத்தை எண்ணினால் முடிவு நேர்மையாக வரும்.

"ஒரே ஒரு பேர்தான் இருக்கு. அதை வச்சு உறுதியா சொல்லமுடியுமா?"

ஆறேழு ஜோடிகளில் உண்மையில் பேசுவது ஒன்றிரண்டுதான். 'ராமன்' போன்ற பெயரில் ஒன்றுமே பேசாது. அதனால் குடும்பத்தில் கிடைக்கும் எல்லாப் பழைய பெயர்களையும் சேருங்கள்: பாட்டி பிறந்த வீட்டுப் பெயர், திருமணச் சாட்சிகளின் பெயர், ஞானஸ்நானப் பெற்றோர் பெயர். அந்தக் காலத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் அதே தோட்டத்து ஆட்கள். நான்கைந்து பெயர் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம்.

"எழுத்து ஊரைக் காட்டாதுன்னா, பேரோட அர்த்தமாவது காட்டுமா?"

எழுத்தைவிட இது நல்ல வழி, கவனமாகப் பயன்படுத்தினால். குலதெய்வம், பக்கத்துக் கோயில் சாமி பெயரை வைக்கும் வழக்கத்தால் சில பெயர்களுக்கு மண் வாசனை உண்டு. 'அப்பல' என்று தொடங்கும் அப்பலசாமி, அப்பலநாயுடு போன்றவை வட ஆந்திரக் கடலோரத்தைக் காட்டும். சிம்மாசலம் என்ற பெயர் விசாகப்பட்டினத்துக் கோயில் மலையை. முனிசாமி, ஏழுமலை என்றால் முதலில் பழைய வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் பார்க்கத் தோன்றும். வைத்திலிங்கம் என்றால் வைத்தீஸ்வரன்கோயில் இருக்கும் காவிரிப் படுகை.

ஆனால் பழனி என்று பெயர் வைத்தவர் பழனிக்காரர் ஆகவேண்டியதில்லை. நேர்த்திக்கடனுக்குப் போய்வந்தவர் எந்த மாவட்டத்திலும் இருப்பார். பெரிய தலங்களின் பெயர் பலவீனமான தடயம். சின்னச் சாமி, அந்த வட்டாரத்துக்கு வெளியே தெரியாத சாமி என்றால் வலுவான தடயம்.

"எங்க சர்நேம் பிள்ளை. அப்ப சாதி தெரிஞ்சுடுச்சு, ஊரும் ஓரளவு தெரிஞ்ச மாதிரிதானே?"

அப்படிப் போகவேண்டாம். கப்பல் பட்டியலில் சாதிக்கென்று தனிப் பத்தி உண்டு. அதில் எழுதியிருப்பதற்கும் பேரன் காலத்தில் குடும்பம் தாங்கிய பட்டத்துக்கும் பொருந்தாத குடும்பங்கள் நிறைய. ஆள் சேர்ப்பவரிடம் வேறு சாதி சொன்னவர்கள் உண்டு, போன இடத்தில் மதிப்பான பட்டத்தைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஒடுக்குமுறையிலிருந்து தப்பித்துப் போனவர்களுக்கு அது புது வாழ்வின் ஒரு பகுதி. அதைப் பொய் என்று பேசுவது நியாயமில்லை.

மொழிக்கும் இதே எச்சரிக்கைதான். நாயுடு, ரெட்டி தெலுங்குப் பட்டங்கள் என்றாலும், அவற்றைத் தாங்கிய குடும்பம் வீட்டில் தமிழ் பேசியதாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் மிகப் பரவலான 'கோவெண்டர்' என்ற பெயரைக் கவுண்டர் என்று விளக்குவோரும் உண்டு, கோவிந்தனிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எழுத்தை வைத்து அந்த வழக்கைத் தீர்க்கமுடியாது. உங்கள் குடும்பத்து முதல் ஆளின் கப்பல் பதிவுதான் உங்களுக்கான பதில்.

"தாத்தாவுக்கும் அவர் கூடப்பிறந்த தம்பிக்கும் வேற வேற சர்நேம் இருக்கே?"

நேட்டாலில் இது சாதாரணம். ஒரு மகனின் பிறப்பைப் பதியும்போது அப்பா பெயர் குடும்பப் பெயராயிற்று, இன்னொருவருக்குத் தாத்தா பெயர், மூன்றாமவருக்குப் பட்டம். பெயரைத் துரத்தினால் இந்த இடத்தில் வழி அறுந்துவிடும். எண்ணைத் துரத்துங்கள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 152,184 பேருக்கும் குடியேற்ற எண் உண்டு. பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பத்திரங்களில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருக்கும். எழுத்து எப்படித் திரிந்தாலும் எண் திரியாது.

"எங்க குடும்பப் பேரு ஒரு பொம்பளைப் பேர் மாதிரி இருக்கு. சரியா?"

சரிதான். மீனாட்சி, லட்சுமி, மாரியாயி ஆகியவை ரியூனியனில் குடும்பப் பெயர்களாகவே இருக்கின்றன. சட்டப்படி பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையைத் தகப்பன் பதிவில் ஏற்காதபோது தாயின் பெயரே குடும்பப் பெயரானது. கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் அரசுப் பதிவில் கல்யாணமாகக் கருதப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்; இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தேடுவதற்கு இது வசதிகூட: கப்பல் பட்டியலில் பெண்களின் எண்ணிக்கை குறைவு, ஆளைக் கண்டுபிடிப்பது எளிது.

"மொரீஷியஸ்ல ஒரே குடும்பத்துல ஒருத்தர் ஓ-ஓ, ஒருத்தர் ஓ-யூ. எந்தக் கணக்கும் ஒத்துவரலையே?"

மொரீஷியஸ் 1810 வரை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. பிறகு ஆட்சி ஆங்கிலேயருக்குப் போனது, ஆனால் சட்டமும் பேச்சும் தோட்ட முதலாளிகளும் பிரெஞ்சாகவே இருந்தனர். துறைமுகத்தில் ஓர் எழுத்து, தோட்டத்தில் ஓர் எழுத்து, மாதாகோயிலில் ஓர் எழுத்து. போதாக்குறைக்கு, ஒப்பந்தக் கூலி முறை தொடங்கிய 1834-க்கு வெகு முன்பே, பிரெஞ்சு ஆட்சியிலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அங்கே குடியேறியிருந்தனர். மொரீஷியஸ் பெயரை மேலே சொன்ன கணக்கில் போடாதீர்கள். நேராக அங்குள்ள குடியேற்ற எண்ணைத் தேடுங்கள்.

"பேர் சுத்தமா பிரெஞ்சுப் பேரா இருக்கு. ஆனா பாட்டி நாம புதுச்சேரித் தமிழ்னு சொல்வாங்க. எது உண்மை?"

இரண்டும் உண்மையாக இருக்கலாம். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வந்த ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் இந்தியத் தனிச்சட்டத்தை (திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கான சமூக வழக்கச் சட்டத்தை) துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம். வரும்போது ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுத்துப் பதியவேண்டும். பலர் பிரெஞ்சு ஒலியுள்ள பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' என்ற பெயரை எடுத்தார். இந்தக் குடும்பங்களில் பலர் அரசு வேலைக்காக, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்கும் போனார்கள்.

இப்படிப்பட்ட பெயரில் எழுத்து எண்ணுவது முழுக்கத் தோற்கும். துறப்புப் பதிவில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்தே இருக்கும். அந்த ஒரு தாள் போதும்.

"அப்ப எந்த ஏட்டை எங்க தேடணும்?"

உங்களிடமிருந்து பின்னோக்கிப் போங்கள்: உங்கள் பிறப்புச் சான்று, பெற்றோர் திருமணப் பதிவு, தாத்தாவின் பிறப்பு. தலைமுறையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அதே பெயரில் வேறொருவரைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் தவறு. நேட்டால் குடும்பம் என்றால் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள காப்பகங்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை இருக்கும். மொரீஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்கள்; 1860-களுக்குப் பிறகு வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஃபிஜிக்கு சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் குடியேற்ற அனுமதிச் சீட்டுகள்.

ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்றால் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசியக் காப்பகம். பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளும் அங்கே உண்டு. ஒரு எச்சரிக்கை: 'பிறந்த ஊர் புதுச்சேரி' என்று இருந்தால் உடனே நம்பாதீர்கள். 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் பிரிட்டிஷ் இந்தியாவிலும் வெளிப்படையாக ஆள் சேர்த்தார்கள். விழுப்புரத்துக்காரரும் கும்பகோணத்துக்காரரும் புதுச்சேரியிலோ காரைக்காலிலோ கப்பலேறியதால் அந்தத் துறைமுகமே பிறந்த ஊராகப் பதிவானது.

"சர்நேம் தமிழ்ப் பேர்தான்னு உறுதியாயிடுச்சு. அப்ப எங்க குடும்பம் மொத்தமும் தமிழ்தானே?"

ஐந்து தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 32 முன்னோர். குடும்பப் பெயர் அந்த 32 பேரில் ஒருவரிடமிருந்துதான் வந்தது. கப்பல்களில் 100 ஆணுக்கு 40 பெண் என்ற அளவே கட்டாயமாக இருந்ததால், தமிழர் தெலுங்கரையும், ஒரு மாவட்டத்தார் இன்னொரு மாவட்டத்தாரையும், பல இடங்களில் அந்நாட்டு மக்களையும் மணந்தார்கள். மற்ற 31 பேருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு. பாட்டிகளின் வழியையும் தேடுங்கள்.

"கடைசியில கிராமத்துப் பேரு கிடைச்சுது. ஆனா மேப்ல அப்படி ஒரு ஊரே இல்லையே?"

மூன்று காரணம் இருக்கலாம். எழுத்துத் திரிபு முதலாவது: வந்தவாசி அன்று 'வாண்டிவாஷ்', செங்கல்பட்டு 'சிங்கிள்பட்'. கிராமப் பெயரை ஆங்கிலத்தில் தேடாமல், உரக்கப் படித்து, பேச்சுத் தமிழில் அது எதுவாகக் கேட்கும் என்று யோசியுங்கள். 'பிள்ளை'க்கும் 'வீரப்ப'னுக்கும் மேலே செய்த அதே வேலைதான்.

இரண்டாவது, மாவட்ட எல்லை. அன்றைய வட ஆற்காட்டுக்குள் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூரின் ஒரு பகுதி, திருவண்ணாமலையின் பெரும்பகுதி எல்லாம் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல். அன்றைய தஞ்சாவூர் என்பது இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மூன்றையும் சேர்த்தது. ஆகவே 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று இருந்தால் இன்றைய தஞ்சாவூரில் மட்டும் தேடிவிட்டு விடாதீர்கள்.

மூன்றாவது, புதூர், நல்லூர் போன்ற பெயரில் தாலுகாவுக்குத் தாலுகா ஊர் உண்டு. தாலுகா பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். இரண்டு மூன்று ஊர் மிஞ்சினால், கிளம்பும் முன் ஒவ்வொரு ஊரிலும் முன்னோர் பெயருக்குரிய சாமிக்குக் கோயில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ பூசாரியிடமோ விசாரியுங்கள். அதே கப்பலில் அடுத்தடுத்த எண்ணில் போனவர்களின் கிராமங்களையும் குறித்துக்கொண்டு போங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்தே பதிந்திருப்பார்கள். அந்த ஊர்கள் எந்த இடத்தைச் சுற்றி நிற்கின்றன என்று பார்த்தால் உங்களுடையது எந்தப் புதூர் என்று தெரிந்துவிடும்.